முதல் இரண்டு வருடத்துக் குரல்

ஆணிப் பட்டறையில் காது ஓர் உபரி உறுப்பு. பதினாறு இயந்திரங்கள் ஒரே தகரக் கொட்டகைக்குள் ஓடும். ஒவ்வொன்றும் கம்பியை இழுக்கும், கடிக்கும், தலையில் ஒரு போடு போடும், ஆணியைத் துப்பும். நிமிடத்துக்கு முந்நூறு. அங்கே ஒருத்தி கத்தினால் கத்தியவளுக்கே கேட்காது. அதனால் வந்த மூன்றாம் மாதத்திலேயே உதட்டைப் பார்த்துப் பேசப் பழகிவிடுவார்கள். சண்டையும் உதட்டால்தான், கேலியும் உதட்டால்தான். வசவுக்கு மட்டும் கை.

ஏழாம் இயந்திரத்தில் பத்தொன்பது வருடமாக நிற்பவளைப் பட்டறை முழுக்க அக்கா என்றுதான் கூப்பிட்டது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். பஞ்சு என்ன செய்யும்? மழைக்கு வலையைப் பிடித்த கதைதான். இடது காது போன வருடமே செத்துப்போனது. வலது காதுக்குக் காது டாக்டர் கெடு வைத்துவிட்டார்.

"மிஷின் வெச்சுக்கலாம்மா. ஆனா சத்தம்தான் வரும், குரல் வராது. ஆள் பேசறதும் கதவு சாத்தறதும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"இந்தக் காது எத்தன நாளைக்கு டாக்டர்?"

"பட்டறைய விட்டா ஒரு வருஷம். விடலைன்னா ஆறு மாசம்."

"விட்டா சாப்பாட்டுக்கு?"

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கேட்க வேண்டியது என்ன பாக்கி என்று யோசித்தாள். பட்டறைச் சத்தம் போனால் நிம்மதி. மேற்பார்வையாளன் குரல் போனால் இரட்டை நிம்மதி. கட்டியவன் போய்ச் சேர்ந்து எட்டு வருடம்; இருந்தவரைக்கும் அவன் பேசியதே குறைவு. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில் ஒரே ஒரு குரல்தான் மிஞ்சியது. அது ஒரு நடிகையின் குரல். வெளியே சொன்னால் கிறுக்கி என்பார்கள்.

அவளுக்குப் பதிமூன்று வயதில் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை 'நூறாவது கோள்' என்றொரு தொடர் வந்தது. விண்கலம், வழி தவறிய ஒன்பது பேர், அவர்களுக்குத் தலைவியாக ஒரு பெண் கேப்டன். முன் அறையில் அப்பாவும் ஒன்பது வயதுத் தம்பியும் பாயில் படுத்துப் பார்ப்பார்கள். அம்மா மாலை ஷிப்டுக்குப் போயிருப்பாள். அக்கா பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பாள். இடையில் ஒரு சுவர். எட்டிப் பார்த்தால், "அங்க என்ன வேடிக்கை? கரி போச்சான்னு பாரு" என்பார் அப்பா. ஆகவே அவள் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. ஒரு வாரம்கூட விடாமல் கேட்டாள்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் கேப்டன் தன் ஆட்களிடம் சொல்வாள்: "விளக்கை அணைக்கிறேன். யார் விழித்திருக்கிறீர்கள்?" அந்தக் குரலில் அதட்டல் இருக்காது. கொஞ்சலும் இருக்காது. அடியில் லேசாகக் கரகரப்பு. நாள் முழுக்க வேலை செய்த ஒருத்தி உட்கார்ந்ததும் பேசுகிற பேச்சு. ஒன்பது பேரும் ஒவ்வொருவராக "நான்" என்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம், கையில் சாம்பலும் நாருமாக, பத்தாவதாக ஒருத்தி மெல்ல "நான்" என்பாள். அந்த வீட்டில் அவள் விழித்திருக்கிறாளா என்று வேறு யாரும் கேட்டதில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. மூன்றாம் வருடத் தொடக்கத்தில் குரல் மாறியது. நல்ல குரல்தான், தெளிவானது, ஆனால் வேறு. "டேய், கேப்டன் ஆள மாத்திட்டாங்களா?" என்று தம்பியைக் கேட்டாள். "லூசு, அதே ஆள்தான், நான்தான் பாக்கறேனே" என்றான். யாரோ இரவல் குரல் கொடுக்கிறார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளையும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். தொடர் போன இடம் தெரியவில்லை. முதல் இரண்டு வருட நாடாக்களை ஒளிபரப்பு நிலையம் அழித்து, அதன்மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டது. கொஞ்சம் புகைப்படங்கள்தான் மிச்சம்.

தம்பி வளர்ந்து ஒரு கிடங்கில் பளு தூக்கி வண்டி ஓட்டினான். கிடங்கில் அவனுக்கு மரியாதை அவ்வளவாகக் கிடையாது. அந்தத் தொடரின் ரசிகர்கள் நடத்திய 'நூறாவது கோள் மன்ற'த்தில்தான் அவன் பெரிய ஆள். மன்றத்தில் சேர வருகிறவர்களுக்குப் பரீட்சை வைப்பவன் அவன். 'வாசல்' என்பது அங்கே அவன் பட்டப்பெயர். மூன்றாம் வருடம் முதல் உள்ள பதிவுகள் மன்றத்திடம் இருந்தன. உறுப்பினர் தவிர யாரும் பார்க்க முடியாது.

பரீட்சைக்கு ஒரு காரணமும் இல்லாமல் இல்லை. நான்கு வருடம் முன்பு அந்த நடிகையைக் கூட்டி வந்தபோது வம்புப் பத்திரிகைக்காரன் ஒருவன் ரசிகன் வேடத்தில் புகுந்து, "மூணாவது புருஷனும் ஓடிட்டாராமே, அதுக்குத்தான் ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் அழுதுகொண்டே இறங்கிப் போய்விட்டாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் யாருக்கும் பேட்டி கொடுத்ததில்லை.

அவள் மறுபடி வருகிறாள் என்ற செய்தியை அக்காவுக்குக் கொண்டு வந்தது, கேப்டன் விஷயம் தெரிந்த ஒரே ஆளான பட்டறைத் தோழி சில்வண்டு. எட்டாம் இயந்திரக்காரி. வாய் ஓயாததால் வந்த பெயர். சாப்பாட்டு நேரத்தில் வம்புப் பத்திரிகையை விரித்து, ஊரான் வீட்டுக் கல்யாணமும் விவாகரத்தும் படித்துச் சொல்வாள்.

"அக்கா, உன் கேப்டன் வராங்களாம். அறுபது பேருக்குத்தான் இடமாம். உன் தம்பிக் கூட்டந்தான் நடத்துதாம்."

"எங்க போட்டிருக்கு, காட்டு."

"இங்க பாரு, இன்னொண்ணும் போட்டிருக்கான். அந்தம்மா குரலே அந்தம்மாவோடது இல்லையாம். இவனுங்களுக்கு வேற வேலை!"

"அது மூணாவது வருஷத்துலேர்ந்துதான்டி. முன்னாடி அவங்களேதான் பேசுனாங்க."

"நீ என்னமோ பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரி."

"கேட்டேன்டி."

வார விடுமுறையில் தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டாள். காது விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டுக் கொடுத்த இடமாகிவிடும். சும்மா, பார்க்கணும் போல இருக்கிறது என்றாள்.

"அது உனக்குச் சரிவராதுக்கா. கை தட்டிட்டு வர்ற கூட்டமில்ல அது. உயிரா இருக்கறவங்க. சொந்தக்காரங்களுக்குன்னு கதவத் தொறந்தா நாளைக்கு என் மூஞ்சில எவன் முழிப்பான்?"

"பரீட்சை எழுதுனா?"

அவன் சிரித்தான். "எழுதேன். யாரு வேணா எழுதலாம்."

எழுதினாள். சில்வண்டின் கைபேசியில், 'பத்தாவது ஆள்' என்ற புனைபெயரில், சாப்பாட்டு நேரத்தில் ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்து. மன்றக் குழுவில் இருநூறு பேர் பார்க்க, வாசல் கேள்வி கேட்பான். விண்ணப்பக்காரர் அங்கேயே பதில் போட வேண்டும். எண்ணெய் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள்.

கலத்தில் எத்தனை கதவு என்று கேட்டான். பதினொன்று என்றாள்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மூச்சு விட்டுச் சாத்திக்கொள்ளும், அவளுக்கு மனப்பாடம். சரி. சமையற்காரன் கோபம் வந்தால் என்ன செய்வான்? சீட்டியடிப்பான். சரி. கேப்டனின் மேலங்கி என்ன நிறம்? தெரியாது. குத்துமதிப்பாக "நீலம்" என்று போட்டாள். படத்தில் அது செங்கல் நிறம்.

"ஒண்ணு போச்சு," என்று எழுதினான் வாசல். "அடுத்தது. எந்திர வேலைக்காரன் கொக்கிக்கு எந்தக் கால் குட்டை?"

இது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டக், டடக். டக், டடக். அவன் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த நொண்டல் கேட்கும். பாவம் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறாள். "இடது கால். நொண்டி நொண்டித்தான் நடப்பான்" என்று எழுதினாள்.

குழுவில் அடைமழை.

"கொக்கிக்குக் கால் முளைச்சிடுச்சுடோய்!"

"நாளைக்கு மீசையும் முளைக்கும்!"

"கொக்கிக்குக் காலே கிடையாதும்மா தாயே, மூணு சக்கரம். புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

போலிகளைப் பிடிக்க வாசல் போட்டு வைத்திருந்த கண்ணி அது. "நீங்க ஒரு வாரம்கூடப் பாத்ததில்ல. உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டான்.

"பாத்ததில்ல. கேட்டிருக்கேன். முதல் ரெண்டு வருஷம் கேப்டன் அவங்க சொந்தக் குரல்ல பேசுனாங்க. மூணாவது வருஷத்துலேர்ந்து வேற யாரோ பேசறாங்க. இது உங்க யாருக்காவது தெரியுமா?"

அதுதான் தவறாகப் போனது. குரல் கதை வம்புப் பத்திரிகையில் வந்தது எல்லோருக்கும் தெரியும். ஏதோ வேவு பார்க்க வந்தவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "தோலை உரிச்சாச்சு. வம்புத்தாள் கூட்டத்து ஆளு. இந்தப் பேர எங்க பாத்தாலும் உள்ள விடாதீங்க" என்று எழுதி, வாசல் அவளை வெளியே தள்ளினான். திரையில் குழு மறைந்தது.

சில்வண்டு எட்டிப் பார்த்து உதட்டால் கேட்டாள்: "பாஸா?"

அக்கா கைபேசியைத் துடைத்து அவள் மடியில் வைத்தாள். மணி அடித்தது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேற்பார்வையாளனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் பாதிதான் கேட்டது.

மறுநாள் ஷிப்டு முடிந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். சுவர் முழுக்க அந்தத் தொடரின் புகைப்படங்கள். அவன் தேநீர் போட எழுந்தபோது அவள் சொன்னாள்: "பத்தாவது ஆள் நான்தான்டா."

அவன் பாத்திரத்தைக் கீழே வைத்தான். முகம் முதலில் சிவந்தது, பிறகு ஏதோ கணக்குப் போடுகிற முகமானது.

"நீயாக்கா? நீ எதுக்கு இதுல... நீ பாத்ததே இல்லையே."

"நீ பாக்கறப்ப நான் எங்கடா இருந்தேன்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். அதுதான் அவளைக் கொன்றது. பொய் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். கண்ணைச் சுருக்கி, அந்த முன் அறையை, பாயை, அப்பாவின் காலை, எல்லாவற்றையும் நினைவில் துழாவிப் பார்த்துவிட்டு, "நானும் அப்பாவும்தானே இருந்தோம்? நீ எங்க இருந்த? அம்மாகூட வேலைக்குப் போயிருப்பியோ?" என்றான்.

அவள் எழுந்து சுவரோரம் போனாள். ஒரு படத்தில் கொக்கி நின்றிருந்தான். தகரப் பீப்பாய் மாதிரி உடம்பு, மூன்று சக்கரம். இடது சக்கரத்தில் ரப்பர் பிய்ந்து தொங்கியது. அதைக் கொஞ்ச நேரம் விரலால் தொட்டபடி நின்றாள். நொண்டியது வாஸ்தவம்தான்.

அப்புறம் காதைப் பற்றிச் சொன்னாள். ஆறு மாதக் கணக்கையும் சொன்னாள். மறைத்து வைத்து இனி என்ன பிரயோசனம்?

தம்பி கெட்டவன் இல்லை. வாழ்க்கையில் அவனுக்கென்று கிடைத்தது ஒரே ஒரு கதவு. அதைத் திறப்பதைவிடச் சாத்துவதில்தான் அவனுக்குப் பலம் தெரிந்தது. கடைசியில் சொன்னான்:

"உறுப்பினரா ஏத்த முடியாதுக்கா. எல்லார் முன்னாடியும் எழுதிட்டேன். நாற்காலி போட, தண்ணி குடுக்க ரெண்டு ஆள் வேணும். அப்படி வரியா?"

"வரேன்."

"கோபமா?"

"நாற்காலி எனக்கென்ன புதுசா? எத்தன மணிக்குன்னு சொல்லு."

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு. அக்கா அறுபது நாற்காலிகளையும் தனியாகவே போட்டாள். கழுத்தில் 'உதவி' என்று எழுதிய அட்டை. பஞ்சை எடுத்துவிட்டு, வலது காது மேடையைப் பார்க்கிற மாதிரி தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மூன்று நாள் விடுப்பு எடுத்துக் காதுக்கு ஓய்வு கொடுத்திருந்தாள்.

நடிகை வந்தாள். அறுபது வயதிருக்கும். நிமிர்ந்த உடம்பு, வெள்ளைத் தலை. பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார்கள். மைக்கை வாங்கி, புன்னகையோடு, யாரும் கேட்காமலேயே அவள் சொன்னாள்:

"விளக்கை அணைக்கிறேன். யார் விழித்திருக்கிறீர்கள்?"

அறுபது பேரும் "நான்!" என்று அலறினார்கள்.

அக்கா அலறவில்லை. அந்தக் குரல் இல்லை இது. வயது குரலைத் தேய்க்கும், அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் துருப்பிடித்தாலும் கம்பி அதே கம்பிதான். இது வேறு கம்பி. தெளிவான, நல்ல, மூன்றாம் வருடத்துக் குரல். ஒரே நொடியில் எல்லாம் தலைகீழாகப் புரிந்துபோனது. மூன்றாம் வருடம் வந்தது இரவல் குரல் இல்லை. அது இவளுடையது. முதல் இரண்டு வருடம்தான் இரவல். சுவருக்கு அப்பாலிருந்து தன்னைக் கேட்டவள் இந்தப் பெண்ணே இல்லை.

கேள்வி நேரத்தில், தண்ணீர் கொடுக்கப் போனவள் மேடை ஓரத்திலேயே நின்றுவிட்டாள். ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் கேட்டாள். காது போகிறவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"அம்மா, முதல் ரெண்டு வருஷம் உங்களுக்காகப் பேசுனது யாரும்மா?"

"ஏய்!" என்று நாலைந்து பேர் எழுந்தார்கள். "வம்புத்தாள்!" "யாரு இவள உள்ள விட்டது?" தம்பி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். நிற்காமல் இழுத்தான். நான்கு வருடம் முன்பு அழுதுகொண்டு இறங்கிப் போன முகம்தான் அவன் கண்ணில் இருந்திருக்க வேண்டும்.

"விடுங்க," என்றாள் நடிகை. "விடுங்கப்பா அவங்கள."

மண்டபம் அடங்கியது. நடிகை குனிந்து, அக்காவின் முகத்துக்கு நேராகப் பேசினாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? அப்ப என் குரல் நல்லா இல்லைன்னுட்டாங்க. வேற ஒருத்தங்க பேசுனாங்க. மூணாவது வருஷந்தான் சண்டை போட்டு நானே பேசுனேன்."

"அவங்க பேரு?"

நடிகை யோசித்தாள். நெற்றியைத் தேய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். அந்தச் சுருக்கலை அக்கா இதற்கு முன்பு ஒரு முகத்தில் பார்த்திருக்கிறாள்.

"ஞாபகம் இல்லம்மா. பின்பக்கமா வந்து பேசிட்டுப் போயிடுவாங்க. நான் ஒரு தடவைதான் பாத்தேன். ஒல்லியா இருப்பாங்க. அப்பவே வயசானவங்க. இப்ப இருக்க மாட்டாங்க."

கூட்டம் முடிந்தது. அக்கா அறுபது நாற்காலிகளையும் மடித்து அடுக்கினாள். போகிற போக்கில் ஒருவன், "எல்லாத்தையும் கெடுத்துட்டியேம்மா" என்றான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

திரும்பும் பேருந்தில் தம்பி அவளுக்கு வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தான். பிறகு பையிலிருந்து மன்றத்தின் குறிப்பேட்டை எடுத்து, புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"அக்கா. அந்த ரெண்டு வருஷக் குரல நாங்க யாருமே கவனிக்கல. நாடாவும் இல்ல. அந்தக் குரலத் தெரிஞ்ச ஆளு இனி நீ ஒருத்திதான்." பேனாவைத் திறந்தான். "எப்படி இருக்கும்னு சொல்லுக்கா. எழுதி வெச்சுக்கறேன். உன் பேரப் போட்டே எழுதறேன்."

அவள் கண்ணை மூடினாள். அந்தக் கரகரப்பைத் தேடினாள். பட்டறையில், கம்பி மாட்டும்போது, கட்டியவனை எடுத்துக்கொண்டு போன அன்று, கூப்பிட்ட மாத்திரத்தில் வந்து நின்ற குரல். விளக்கை அணைக்கிறேன், என்று மனசுக்குள் ஆரம்பித்தாள். வந்தது மண்டபத்தில் கேட்ட குரல். தெளிவான, நல்ல குரல். தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதுவே வந்தது. சுவரை நினைத்தாள், சாம்பலை நினைத்தாள், அப்பாவின் அதட்டலை நினைத்தாள். எல்லாம் வந்தன.

"அக்கா?"

"இரு," என்றாள்.

தம்பி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான். பேருந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், மறுபடி கிளம்பியது.

"இருடா. யோசிக்கறேன்."